செத்துக் கிடந்த நார்மன்

நார்மன் ஆவதற்கு ஆங்கிலேயன் வுல்ஃப்மேர் பட்ட பாட்டில் பாதிகூட, பிரான்சிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு நார்மன்கள் பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கோட்டைச் சமையலறைக்கு விறகு சுமக்கப் போனவன் முதலில் மீசையை எடுத்தான். பிறகு அவர்களைப் போலவே பிடரியை ஒட்டச் சிரைத்துக்கொண்டான். கில்பெர் என்று பேரை மாற்றிக்கொண்டான். பார்லி பீரைக் கைவிட்டு, கோட்டையில் மிஞ்சிய புளித்த ஒயினை முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகினான். கூடப்பிறந்த அண்ணன் ஆர்ட்ரிக் சந்தையில் எதிரே வந்தபோது, "யாருய்யா நீ?" என்று கேட்டான். கோட்டைக்காரர்கள் மட்டும் அவனை "விறகு" என்றே கூப்பிட்டார்கள்.

அந்த ஒயின்தான் ஒருநாள் அவனை ஊர் எல்லைப் பள்ளத்தில் தள்ளியது. கால் முறிந்து, பாதி முகம் சேற்றில் புதைந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். காலையில் பார்த்தவர்கள் பிணம் என்றார்கள். தொட்டுப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. தொட்டவன்தான் கொன்றவன் என்று ஆகிவிட்டால்?

சட்டம் அப்படி. செத்தவன் நார்மனாக இருந்து, கொன்றவன் பிடிபடாவிட்டால் வட்டாரத்துக்கே அபராதம். ஆங்கிலேயன் என்றால் செலவில்லாத சாவு. ஆனால் இரத்த உறவு யாராவது வந்து சத்தியம் செய்யும்வரை எல்லாப் பிணமும் நார்மன்தான். உயிரோடு எத்தனை முயன்றும் கிடைக்காத பதவி, செத்தால் தானாகக் கிடைத்துவிடும்.

கோட்டை அதிகாரி குதிரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "மீசை இல்ல. பிடரி சிரைச்சிருக்கு. ஒயின் வாடை வேற. நம்ம ஆளுதான்."

வுல்ஃப்மேருக்கு நினைவு திரும்பியது சரியாக அந்த நேரத்தில். நம்ம ஆளு! வாழ்நாளெல்லாம் அவன் கேட்க ஏங்கிய சொல். கண்ணைத் திறந்தால் அது போய்விடும். காலில் உயிர்போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு செத்தே கிடந்தான்.

மேலே ஊர்த்தலைவர் டூனிங், ஆர்ட்ரிக்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "உன் தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா. இல்லேன்னா என் மாட்டை ஓட்டிட்டுப் போயிருவாங்க."

"எனக்கு ஏதுய்யா தம்பி? சந்தையில அவரே யாருன்னு கேட்டாரே. பெரிய துரை! நான் போய் உறவு கொண்டாடலாமா?"

"செத்தவன்கிட்ட என்னப்பா ரோஷம்?"

ஆர்ட்ரிக் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சரி. சாமி சத்தியமா என் தம்பிதான். சின்ன வயசுல வாத்தைக் கண்டா அலறிக்கிட்டு ஓடுவான். அப்பா செத்தப்ப வீட்டுப் பன்னியை வித்துக் குடிச்சவனும் இவன்தான்."

வாத்து வரைக்கும் பிணம் பொறுத்துக்கொண்டது.

"அடப்பாவி! பன்னியை வித்துக் குடிச்சது நீயில்ல?" என்று பள்ளத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது.

டூனிங் சிலுவை போட்டுக்கொண்டார். அதிகாரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உயிரோடிருப்பவனுக்காக அபராதம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. "ஐயா, என்னைக் கொஞ்சம் தூக்கி..." என்று இழுத்த வுல்ஃப்மேரை உற்றுப் பார்த்து, "அட, நம்ம விறகு!" என்றார். குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆர்ட்ரிக் பள்ளத்தில் இறங்கினான். கையை நீட்டவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"யாருய்யா நீ?"

வுல்ஃப்மேர் போகிற குதிரையைப் பார்த்தான். வீங்கிய காலைப் பார்த்தான்.

"கால் சரியாகுற வரைக்கும் உன் தம்பிண்ணே."