ஒழுங்கைப் பக்கத்துச் சுவர்

உரும்பிராயில் எங்கள் வீட்டின் தென்மேற்குச் சுவர் வேலிக்கு மேலால் ஒழுங்கையில் நடந்து போவோருக்குத் தெரியும். சோளகக் காற்று அடிப்பதும் அந்தப் பக்கம்தான். ஆண்டுதோறும் அங்கே பூச்சுக் கழன்றது. ஆண்டுதோறும் நானும் ஐயாவும் ஒட்டுப் போட்டோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஆள் உயரத்துக்குக் கல் வெளியே தெரிந்தது.

அந்த வீடு ஐயா தன் மகளுக்கு, என் தங்கைக்கு, எழுதவிருந்த சீதனம். அவளுக்கு இருபத்தெட்டு வயது. பெண் பார்க்க வந்த இரண்டு பகுதியினர் மறுமொழி சொல்லாமலே விட்டிருந்தார்கள். சுவர்தான் காரணம் என்று ஐயா நம்பினார். கொடிகாமத்திலிருந்து ஒரு பகுதி வருவதாகத் தரகர் சொன்னார். சாத்திரியார் குறித்த நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

மேசன் சுண்ணாம்பைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டார்.

“இது இரண்டு கிழமையாவது ஊற வேணும் ஐயா. நீறாத கட்டி கிடந்தால் பிறகு சுவரிலை பொங்கி வெடிக்கும்.”

“நாள் வைச்சாச்சு. நாளை மாத்தேலுமே?”

“நாளை மாத்தேலாது. சுண்ணாம்பை மாத்தேலுமோ?”

மூன்றாம் நாளே பூசினோம். மேசன் சாந்தகப்பையால் அப்பி இழுக்க, நான் சாந்து குழைத்துக் கொடுத்தேன். பத்திரிகைக் கந்தோரில் பிழை திருத்தும் வேலைக்கு லீவு எழுதியிருந்தேன். மாலையில் விரல்கள் மடங்கவில்லை.

குறித்த நாளில் வந்தவர்கள் நான்கு பேர். மாப்பிள்ளையின் தகப்பன் வாசலுக்குப் போகாமல் நேரே சுவரடிக்கு வந்தார். பூச்சில் மிளகளவு குழிகள் விழத் தொடங்கியிருந்தன.

“புதுப் பூச்சோ?”

“ஓம்,” என்றார் ஐயா.

“பொம்பிளை பாக்க வாற கிழமையிலை பூசினால், உள்ளுக்கை வெடிப்பு எண்டெல்லோ சனம் கதைக்கும்?”

விரல் முட்டியால் தட்டினார். உள்ளங்கை அளவு துண்டொன்று அவர் காலடியில் விழுந்தது. வெடிப்பை மறைக்கப் பூசியதாக ஒருவர் நினைக்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

தேத்தண்ணி குடித்தார்கள். தங்கையைப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் செய்தி கொண்டுவந்தார்: பெண்ணில் குறையில்லை, பூச்சை முழுக்க உரித்துச் சுவரைக் காட்டினால் பதிவுகாரரிடம் கலியாண எழுத்துக்கு நாள் வைக்கலாம்.

ஐயா சுத்தியலை எடுத்தார். இரண்டு நாள் உரித்தோம். முழத்துக்கு ஒருமுறை அவர் நின்று மூச்சு வாங்கினார். போய் இருங்கோ என்று நான் சொல்லவில்லை. தனியாகச் செய்யத் தென்பு எனக்கும் இல்லை. வெடிப்பு இல்லை என்பது எங்களுக்கு முதலே தெரியும்.

மாப்பிள்ளையின் தகப்பன் மறுபடி வந்தார். கல்லுக்குக் கல் விரலால் தடவிக்கொண்டு மூலைவரை போனார். குனிந்து அத்திவாரத்தையும் பார்த்தார்.

“சுவர் திறம்.”

அப்போது தங்கை வெளியே வந்தாள். ஆண்கள் கதைக்கும் இடத்துக்கு அவள் அதற்கு முன் வந்ததில்லை.

“வடிவாப் பாத்தாச்சோ மாமா?”

“ஓம் பிள்ளை.”

“அப்ப மாரிக்கு முன்னம் நீங்களே பூசித் தாங்கோ. இவையள் பூசினால் உங்களுக்குத் திரும்பவும் சந்தேகம் வரும்.”

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். இதுவும் போயிற்று என்று நினைத்தேன். வந்தவர் அவளைப் பார்த்தார். பிறகு சாந்துத் தூள் படிந்த எங்கள் கைகளைப் பார்த்தார்.

“மேசனை அனுப்பிறன்,” என்றார் கடைசியில். “எழுத்துக்கு நாளைப் பாருங்கோ.”

உரித்த சாந்துக் குவியலின் மேலேயே ஐயா உட்கார்ந்துவிட்டார்.