பாஞ்சாலை வாங்கிய பலகை வீடு

பாஞ்சாலை பிறந்ததும் பிள்ளை பெற்றதும் தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில்தான். கொழுந்து பறித்துச் சேர்த்ததையும் கழுத்துச் சங்கிலியை விற்றதையும் போட்டு, 1979இல் தோட்டத்துக்கு வடக்கே உள்ள கம்போங் ராஜா ஊரில் ஒரு பலகை வீட்டை வாங்கினாள். ஈப்போவுக்குக் குடிபோன சீனக் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் விற்ற வீடு அது.

கணவன் ராமசாமிக்கு அது பிடிக்கவில்லை. "நாம இருக்கப்போறது இங்க. அங்க எதுக்கு வூடு?"

"வாடகைக்கு விடலாம்லா. வேல நின்னா லைன விட்டு எறக்கிருவாங்க. அன்னிக்கு தொரையா வந்து சோறு போடுவாரு?"

கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்த சேக் தாவூதும் அவர் மனைவி ஹஃபீசாவும் குடிவந்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனாலும் சாவியைக் கொடுத்த நாளிலிருந்து பாஞ்சாலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரில் ஆணி அடித்திருப்பார்களோ, அடுப்புக் கரி பலகையில் ஏறியிருக்குமோ என்று மனம் அலைந்தது. கொழுந்து பறிக்கும்போதே மேகம் திரண்டால் கை நின்றுவிடும். கண் வடக்கே போய்விடும். கங்காணி சத்தம் போடுவார். ஞாயிறு விடிந்தால் பஸ் ஏறிவிடுவாள்.

ஒரு நாள் ஹஃபீசா சொல்லியே விட்டாள். "அக்கா, வாங்க, டீ குடிங்க. ஆனா சொல்லாம கொள்ளாம உள்ள வராதீங்க. நான் குளிச்சிட்டு வர்றப்ப நீங்க கூடத்துல நிக்கிறீங்க."

பாஞ்சாலைக்கு முகம் சுண்டிப்போனது.

"பாக்குறதுன்னா பின்னால போயி பாருங்க. கால்வாய் அடைச்சிக் கெடக்கு. மேட்டு மண்ணு கொஞ்சம் கொஞ்சமா சரியுது. அவரும் சொன்னாரு, நானும் சொல்லிட்டேன்."

வாடகையைக் குறைக்கப் போடும் அடி என்று பாஞ்சாலை நினைத்துக்கொண்டாள். பின்பக்கம் போகாமலே பஸ்ஸுக்கு நடந்தாள்.

நவம்பர் மழை விடாமல் பெய்த வாரத்தில், காய்கறி லோரி ஓட்டும் வீரப்பன் தேயிலைக்காட்டுக்கே வந்து கூப்பிட்டான். "அக்கா, மேடு சரிஞ்சி ஒங்க வூட்டுல மண்ணு பூந்துருச்சி!"

கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு லோரியில் ஏறினாள். வழியெல்லாம் பலகை, தகரம், விற்ற சங்கிலி என்றே நெஞ்சு அடித்துக்கொண்டது. இறங்கியபோது ஹஃபீசா ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. நிறைமாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்த வயிற்றைப் பார்த்ததும் பாஞ்சாலை ஓடிப்போய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

"அடி பட்டுச்சா? சொல்லு புள்ள!"

"இல்லக்கா. வாசலுக்கு வந்தேன், பின்னாடியே சுவரு விழுந்துச்சி. போயி வீட்டப் பாருங்க."

"வூடு கெடக்கட்டும். எந்திரி."

அதே லோரியில் ஹஃபீசாவையும், கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த தாவூதையும் ஏற்றிக்கொண்டு லைனுக்கு வந்தாள். சேதி கேட்டுத் தோட்ட ஆபீஸ் கணக்கரான கிராணி வந்து நின்றார். வெளியாட்களை லைனில் தங்கவைக்கக் கூடாது என்றார்.

"வெளியாளு இல்லய்யா. எங்க வூட்டு ஆளுங்க," என்றாள் பாஞ்சாலை. கிராணி அந்த வயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

குழந்தை அங்கேயே பிறந்தது. ராமசாமியும் தாவூதும் மண்ணை வாரி, கால்வாயை அகலமாக வெட்டி, மேட்டுக்குக் கல்லால் தடுப்புச்சுவர் கட்டினார்கள். "நீ சொன்னப்பவே பாத்திருக்கணும்," என்று பாஞ்சாலை ஹஃபீசாவிடம் ஒருமுறை சொன்னாள். ஹஃபீசா குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சுவர் எழும்பியதும் அவர்கள் திரும்பிக் குடிபோனார்கள். பல வருஷம் இருந்தார்கள். எண்பத்தைந்தில் பாஞ்சாலை பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் இன்னொரு வீடு பார்த்தாள். ராமசாமி கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று வீட்டைச் சுற்றி வந்தாள். வாங்கியும்விட்டாள்.

அமைதி மட்டும் வரவில்லை. மழை பிடித்தால் இப்போது அவளுக்கு இரண்டு வீட்டுக் கவலை.