‘க’ சொல்ல வைத்த கதை

நாக்கு எங்கே தொட வேண்டும் என்று தன் வாயைத் திறந்து காட்டுவதுதான் பேச்சுப் பயிற்சித் தொழில். நாலு பேர் முன்னால் கொட்டாவி விடவே கூச்சப்படுகிறவன் இதற்கு வரக் கூடாது. நான் வந்துவிட்டேன்.

எங்கள் தீவில், மரைன் ஹில்லில் இருக்கும் பயிற்சி அறையைத் திறந்து, பெருக்கி, பாய் விரிக்கத்தான் அதை நடத்தும் மேடம் என்னைச் சேர்த்தார். நான் எட்டாவதோடு நின்றவன். மாதத்தில் பாதி நாள் மேடம் மெயின்லேண்டில் இருப்பார். அந்த நாட்களில் அவர் சொல்லிவிட்டுப் போன பயிற்சியைப் பிள்ளைகளைச் செய்ய வைப்பது என் பொறுப்பாகிவிட்டது. எண்ணிக்கை தவறமாட்டேன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி. ஒரு சொல்லை இருபது தடவை சொல்ல வைக்க வேண்டும். பதினாறு சரியாக வந்தால்தான் அடுத்த படி. ஒவ்வொரு தப்புக்கும் சிலேட்டில் ஒரு பெருக்கல் குறி. பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கப் போய்த் தலையில் அடித்துக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், மீதியை நான் விளக்க வேண்டியதில்லை.

ரிஸ்வானாவுக்கு ஆறு வயது. ஃபெரியில் கடந்து போக வேண்டிய பம்பூஃப்ளாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாயின் மூத்த மகள். ஓயாமல் பேசுவாள். ஆனால் ‘க’ எல்லாம் ‘த’ ஆகிவிடும். கடை, தடை. காக்கா, தாத்தா. அந்தப் பறவையையும் கிழவனான என்னையும் ஒரே பெயரில்தான் கூப்பிட்டாள். ஏப்ரலில் நேரில் வந்து தெளிவாகப் பேசிக்காட்டினால் ஒன்றாம் வகுப்பு, இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் யூ.கே.ஜி. என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் யூ.கே.ஜி.க்கு வரப்போவது அவளுடைய தங்கை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

வாய்க்குள்ளே என்ன இருக்கிறது

‘க’ நாக்கின் பின்பக்கத்தில் பிறக்கிறது. அதைக் கண்ணாடி முன் காட்ட வேண்டும். நான் கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வாயைத் திறந்தேன். ரிஸ்வானா விரித்திருந்த பாயை விட்டு எழுந்து வந்து, என் தாடையை இரண்டு கையாலும் பிடித்து, விளக்கு இருந்த பக்கமாகத் திருப்பினாள். வெகுநேரம் உள்ளே பார்த்தாள். நாக்கின் பின்பக்கம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“தாத்தா, உன் வாய்த்துள்ள ஒரே இருட்டா இருத்து” என்றாள்.

தண்ணீர் வைத்தியம்

நாக்கு பின்னால் போக மறுத்தால் தண்ணீரை வாயில் விட்டு, தலையை அண்ணாத்தி, தொண்டையில் களகளவென்று ஓட்டச் சொல்வோம். அப்போது பின்நாக்கு தானாக எழும்பும். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அதனால் வாளியிலிருந்து அரை டம்ளர், அரை டம்ளராக அளந்து கொடுத்தேன். முதல் டம்ளர் என் சட்டையில் விழுந்தது. இரண்டாவதை அவள் குடித்துவிட்டாள். மூன்றாவதையும் குடித்தாள். நாலாவதற்கு, பாத்ரூம் எங்கே என்று கேட்டாள்.

காதர் பாய் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “கடையைச் சாத்திட்டு, ஃபெரி ஏறி, சாத்தம் ஜெட்டில எறங்கி, பஸ் புடிச்சு வந்தது இந்தத் தண்ணியக் குடிக்கத்தானா பெரியவரே?” என்றார்.

அசையாத மேடம்

சரி, மேடமே பார்க்கட்டும் என்று வீடியோ காலில் கூப்பிட்டேன். மேடம் சிரித்தபடி, “என்னை மாதிரியே செய் பார்ப்போம்” என்று வாயை அகலமாகத் திறந்தார். அந்த இடத்தில் நெட்வொர்க் போய்விட்டது. திறந்த வாயோடு மேடம் திரையில் அப்படியே நின்றார். ரிஸ்வானா சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அவளும் திறந்த வாயோடு அப்படியே நின்றாள். மூடிக்கொள் என்றேன், தலையை ஆட்டி மறுத்துவிட்டு, விரலால் மேடத்தைக் காட்டினாள். எச்சில் வழிந்து கவுன் நனைந்தது. நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேடத்துக்கு உயிர் வந்தது.

“ஏன் இந்தப் பிள்ளை இப்படி நிக்குது? நான் இல்லாத நேரத்துல என்னதான் சொல்லிக்கொடுக்கிறீங்க?” என்றார்.

வந்தது, போனது

பிப்ரவரியில் ‘க’ வந்துவிட்டது. ஐஸ்குச்சியால் நாக்கின் நுனியை அழுத்திப் பிடித்திருந்தபோது, “கை” என்றாள். குச்சியை எடுத்த பிறகும் “கை” என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன். கப்பல், கதவு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒரு வியாழக்கிழமை இருபதுக்குப் பதினேழு. சிலேட்டில் மூன்றே குறி. அவளே எண்ணிப் பார்த்து, அடுத்த முறை ஒன்றுகூட விழக் கூடாது என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

காதர் பாயைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்துக் காட்டினேன். அவர் மகளை முத்தமிட்டார். மூன்று பேரும் வெளியே வந்தோம். வாசற்படியைத் தாண்டியதும் அவள் தகப்பன் கையைப் பிடித்து இழுத்து, “அத்தா, தடைத்துப் போலாமா?” என்றாள்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பெரியவரே, அந்த ரூம்ல இருக்கிற கண்ணாடியக் கழட்டிக் குடுத்துருங்க. பள்ளிக்கூடத்துல வச்சுப் பேசச் சொல்றேன்.”

ஜெட்டியில்

அறையில் வருவது வெளியே வராமல் போவது இந்தத் தொழிலின் பெரிய துக்கம். வெளியே அவள் எப்படிப் பேசினாலும் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. பிறகு எதற்குச் சிரமப்பட வேண்டும்? தப்பாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், திருத்திச் சொல்லும் வரை காத்திருங்கள் என்று மேடம் சொன்னதை நிறைவேற்ற, சாத்தம் ஜெட்டி வரை கூடவே போனேன்.

கடலை விற்கிறவரிடம் ஓடி, “பையா, ஏத் பாத்தெட்” என்றாள். ‘க’ ஹிந்தியிலும் ‘க’தான். “ஏக் பாக்கெட்” என்று சொன்ன பிறகு கொடுங்கள் என்று அந்த ஆளிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கெஞ்சினேன். நீட்டிய பொட்டலத்தை அவர் பாதியில் நிறுத்தினார். ரிஸ்வானா சிரித்தபடி இன்னொரு முறை சொன்னாள். அதுவும் தப்பு. நான் வேண்டாம் என்று கை காட்டினேன். சிரிப்பு நின்றது. ஃபெரிக்கு நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, மூன்றாவது முறை ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்தாள்.

பாய் பொட்டலத்தை வாங்கி மகள் கையில் வைத்தார். “பசின்னு எம்புள்ள கேட்டா நான் அத்தா பெரியவரே. உங்க சிலேட்டை என்கிட்ட நீட்டாதீங்க.”

ஏப்ரல்

பாய்தான் என்னையும் கூப்பிட்டார். உங்களைப் பார்த்தால் அவளுக்கு நினைவு வரும் என்றார். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். டீச்சர் நல்ல பெண். பெயர் கேட்டார், “ரிஸ்வானா” என்று பளிச்சென்று வந்தது. தங்கை பெயர்? “நஸீமா.” அத்தா என்ன செய்கிறார்? ரிஸ்வானா வாயைத் திறந்தாள். நாக்கு பின்னால் போனதை நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள். டீச்சர் படப்புத்தகத்தை எடுத்தார். காக்கா, கப்பல், கத்தரிக்காய். ஒவ்வொரு படத்துக்கும் அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். அப்புறம் ‘க’ இல்லாத மாம்பழத்துக்கும், மீனுக்கும்கூட வாய் திறக்கவில்லை. பூனையைக் கண்டால் ஒரு கதையே சொல்கிற பிள்ளை, பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“பிள்ளைக்குப் பேச்சே இன்னும் வரலையே. ஒரு வருஷம் இருக்கட்டும் பாய்” என்றார் டீச்சர். பாய் எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

ரிஸ்வானா மட்டும் துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, காதோடு சொன்னாள்: “தாத்தா, இன்னித்து ஒரு தப்பு தூட இல்ல.”

பேசாத பிள்ளையைப் பேச வைக்க எங்களுக்கு வருஷக்கணக்காகிறது. பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயை மூட ஒரு சிலேட்டும் எண்ணிக்கை தவறாத ஒரு கிழவனும் போதும்.