ஓட்டிஸின் நெஞ்சில் காது வைத்தவள்

ஒஹாயோவில் எங்கள் ஊர்க் கண்காட்சித் திடலின் லாயத்தில், வெர்னா கிரெப்ஸின் கொட்டடிக்கு அடுத்தது என்னுடையது. வருஷக்கணக்காக அவளோடு சண்டை போடுகிறேன். காலையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். மீதி நேரமெல்லாம் அவளுடைய ஒரே குதிரை ஓட்டிஸுக்குத்தான். அவன் இழுக்கிற இரண்டு சக்கரப் பந்தய வண்டியில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டாள், தானே ஓட்டுவாள். சொந்த ஊர்க் கண்காட்சியில் நடக்கும் பந்தயத்தில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தலை நரைத்தும் அது கைகூடவில்லை.

ஒரு பெரிய லாயத்திலிருந்து ஓட்டிஸை வாங்கி வந்தபோது கூடவே ஒரு சிரப் பாட்டிலும் வந்தது. மூச்சிழுப்புக்கான மருந்து. கொஞ்ச நாளைக்குக் கொடுத்து நிறுத்த வேண்டியதை அங்கே வருஷக்கணக்காகக் காலையும் மாலையும் வாயில் பீய்ச்சியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். இருமல் நின்றாலும் மருந்தை நிறுத்த மனசு வராது, ஏனென்றால் அது சதையையும் ஏற்றும். ஓட்டிஸின் புட்டத்தைப் பார்த்துத் திடலே வாயைப் பிளந்தது. நானும்தான்.

வெர்னா மட்டும் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அவன் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள்.

“என்ன வெர்னா, ரகசியம் சொல்றானா? கல்யாணத் தேதி குறிச்சாச்சா?” என்பேன்.

“வாயை மூடு கிளென். உன் குதிரை ஆறித் தண்ணி குடிச்சிருச்சு. இவன் நெஞ்சு இன்னும் தடதடன்னு அடிச்சிட்டே கெடக்கு.”

டாக்டரை வரவழைத்து ஸ்கேன் எடுத்தாள். இதயம் இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது.

“மருந்தாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இத்தனை காலம் விடாம குடுத்தா இப்படி ஆகலாம். நிறுத்திப் பாருங்க” என்றார் டாக்டர்.

அன்றே நிறுத்தினாள். தூசி கிளம்பாதபடி காய்ந்த புல்லை நனைத்துப் போட்டாள். காற்று வேண்டுமென்று நடுப்பனிக்காலத்தில் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தாள்.

“அடியேய், உன் குதிரை மூச்சு விட நான் விறைச்சுச் சாகணுமா?”

“இன்னொரு ஸ்வெட்டர் போடு. அழாத.”

இருமல் குறைந்தது. சதையும் வடிந்தது. குதிரையைப் பட்டினி போடுகிறாள் என்று காது படவே பேசினார்கள். கண்காட்சிக்கு முன்னால் மறுபடி ஸ்கேன் பார்த்த டாக்டர், ஓட்டலாம், சந்தேகம் வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

கண்காட்சியின் கடைசிப் பந்தயத்தில், கடைசித் திருப்பத்தில், வெர்னா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் சக்கரத்துக்கு நேர் பின்னால் நான். எனக்குப் பின்னால் இன்னும் நாலு வண்டி. ஊர் முழுக்க எழுந்து நின்று அவள் பெயரைக் கத்தியது. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. திடீரென்று அவள் கையைத் தூக்கி எங்களுக்குச் சைகை காட்டிவிட்டு, லகானை இழுத்து, ஓட்டிஸை வெளிப்பக்கமாக ஒதுக்கிவிட்டாள்.

பைத்தியக்காரி என்றுதான் நினைத்தேன். ஜெயித்தது நான்.

திரும்பிப் பார்த்தால், வண்டியைக் கழற்றுவதற்குள் ஓட்டிஸ் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். ஓடும்போதே விழுந்திருந்தால் நான் அவன் மேல் போயிருப்பேன், பின்னால் வந்தவர்கள் என் மேல்.

டாக்டர் வந்து, ஒருவழியாக அவன் எழுந்து நின்றான். இனி ஓட முடியாது, மேயலாம் என்றார்கள். ஜெயித்த குதிரைக்குப் போர்த்துகிற பரிசுப் போர்வையை நான் கொண்டுபோய் அவன் முதுகில் போட்டேன்.

“ஆகஸ்ட் மாச வெயில்ல போர்வையா? மூளை இருக்கா உனக்கு?” என்றாள். கண் சிவந்திருந்தது. போர்வையை மட்டும் எடுக்கவில்லை.

“எப்படித் தெரிஞ்சுது வெர்னா?”

“லகான்ல தெரிஞ்சுது. தினம் கேட்ட நெஞ்சுதானே. வா, நீயும் கேளு.”

இத்தனை நாள் கிண்டல் செய்த இடத்தில் காதை வைத்தேன். அடித்தது. அடித்தது. பிறகு ஒன்றுமே இல்லை. காதை இன்னும் அழுத்தினேன். மறுபடி அடித்தது.

“இருக்கானா?” என்று கேட்டாள்.

“இருக்கான்” என்றேன்.