மஞ்சளாகவே நின்ற காகிதம்

எங்கள் காடு குன்னத்துக்கு வடக்கே. மானாவாரி. பருத்தி, மக்காச்சோளம். வீடும் காட்டிலேயேதான், பக்கத்தில் கிணறு. குடிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்.

வரப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் தகரக் கொட்டகை போட்டுப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார். கழுவிய தண்ணீர் எங்கள் கிணற்றோர வாய்க்காலில் ஓடியது. பிறகு கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். மண் மட்டும் கறுத்துக் கிடந்தது.

எங்களுக்கு ஒரே மகள். ஏழாவது படித்தாள். கணக்கில் கெட்டி. பருத்தி எடை போடும்போது, சாக்கு எடை கழித்து எத்தனை கிலோ என்று வியாபாரிக்கு முந்திச் சொல்லிவிடுவாள். "அடுத்த தடவ பாப்பாவ வூட்ல விட்டுட்டு வாங்க" என்பார் அவர்.

அவள் வெளுக்க ஆரம்பித்தாள். அடிக்கடி வயிற்று வலி. நர்ஸம்மா கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் இல்லை என்று மாத்திரை கொடுத்தார். ரத்தம் ஊறும் என்று நான் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டு மண்ணீரல், அந்தச் சுவரொட்டியை வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரி மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தாள். முருங்கைக்கீரையும் விடவில்லை. எல்லாம் வெந்தது அதே தண்ணீரில். ரத்தம் ஊறவில்லை. கணக்கும் போயிற்று. எடை போடும் இடத்தில் வியாபாரியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் வயசுக்கு வந்தாள். ஆலாத்தி சுற்றினோம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் நன்றாகச் சிவந்திருந்தது. நல்ல சகுனம் என்று என் வீட்டுக்காரிக்கு அதில் ஒரு நிம்மதி.

அடுத்த வாரம் கல்லூரிப் பிள்ளைகள் கிணறுகளைச் சோதிக்க வந்தார்கள். கொள்ளுப் பயறை ஊறவைத்து அரைத்து வடிகட்டியிருந்தார்கள். என் மச்சான் எட்டிப் பார்த்து, "கொள்ளு இருக்கு, குதிரைய எங்க காணோம்?" என்றார். சிரித்தோம்.

ஒரு டம்ளரில் அவர்கள் கொண்டுவந்த நல்ல தண்ணீர். இன்னொன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் கொள்ளுச் சாற்றை ஊற்றி, கொஞ்சம் பொறுத்து யூரியா போட்டார்கள். மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த காகிதத்தை உள்ளே விட்டார்கள். கொள்ளில் நொதி என்று ஒன்று இருக்கிறதாம். அது யூரியாவை உடைத்தால் காரம் வரும், மஞ்சள் சிவக்கும். தண்ணீரில் ஈயம் மாதிரி உலோகம் இருந்தால் அந்த நொதி வேலை செய்யாது, சிவக்காது என்றாள் ஒரு பெண்.

அவர்கள் டம்ளரில் காகிதம் சிவந்தது. எங்களுடையது மஞ்சளாகவே நின்றது.

என் வீட்டுக்காரி விடவில்லை. "போன வாரந்தான் இதே தண்ணியில ஆலாத்தி கரைச்சேன்மா. நல்லா செவந்துச்சு."

"அது சுண்ணாம்புக்கா. எந்தத் தண்ணியா இருந்தாலும் செவக்க வச்சிரும். கொள்ளு அப்படி இல்ல. வெஷம் பட்டா அதோட வேலை நின்னுடும்."

சொல்லிக்கொண்டே அந்தப் பெண் வாசலில் நின்ற என் மகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, இது முதல் சோதனைதான், தண்ணீரை லேபுக்கு அனுப்புகிறோம், அதுவரை இதைக் குடிக்க வேண்டாம், பாப்பாவுக்கு ரத்தம் பாருங்கள் என்றாள்.

பெரம்பலூரில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். ஈயம் என்று வந்தது. கிணற்றுத் தண்ணீரிலும் அதுதான்.

"இரும்பு உடம்புல இருக்கு. அதை ரத்தமாக்குற நொதிய ஈயம் கட்டிப் போட்டுருச்சு" என்றார் டாக்டர்.

"கொள்ளுல நின்ன மாதிரிங்களா சார்?"

கொள்ளுக் கதையைக் கேட்டுவிட்டு, "அதே மாதிரிதான்" என்றார்.

படிப்பைப் பற்றிக் கேட்டேன். ரத்தம் திரும்ப வந்துரும் என்றார். மற்றதைப் பார்ப்போம் என்றார்.

கிணற்றை முள் போட்டு மூடினோம். ஊருக்குள் குடிவந்தோம். மருந்து கொடுத்தோம். முகத்தில் நிறம் வந்துவிட்டது. கணக்கு வரவில்லை. பருத்தி எடை போட இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். வியாபாரி பாப்பாவைக் கேட்பதில்லை.

அந்தப் பெண் ஒரு கட்டு மஞ்சள் காகிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மகளுக்கு அதில் ஆசை. கொள்ளை ஊறவைத்து அரைத்து, கொஞ்சம் யூரியாவோடு தருவோம். குழாய்த் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள்.

"அப்பா, செவந்துருச்சு."

"ஆமா."

"ஏம்பா செவக்குது?"

சொல்வேன். தலையாட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்பாள். முதல் தடவை சொல்வது போலவே திரும்பவும் சொல்வேன்.