அமாவாசையில் வந்த ஏகாதசி

எனக்குக் கிரிக்கெட் ஆட வராது, ஸ்கோர் எழுத வரும். எங்கள் டீமில் பதினொரு பேரும் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். பன்னிரண்டாவது ஆள், நோட்டும் பென்சிலுமாக நான். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம் எங்களுடையது. நான் பட்டணத்தில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படித்துக்கொண்டிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தவறாமல் வந்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பார், நான் எல்லாரோடும் பழகுகிறவன் என்ற பெருமை.

எங்கள் டீமில் ஒருவன் இடது கை சுழற்பந்து போடுவான். என் உயிர் நண்பன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அவனை மாவட்ட டீமில் எடுத்துவிட்டார்கள். வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேடியத்தில் ஆட்டம். பேப்பரில் ஒரு வரி வந்தாலே அதிகம், அப்படிப்பட்ட ஆட்டம்தான். ஆனால் எங்களுக்கு அது உலகக் கோப்பை. தெருவே வேன் பிடித்துக் கிளம்பியது. ஆட்டம் அமாவாசையில் விழுந்ததுதான் அதிர்ஷ்டம். அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. மற்ற நாளாக இருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

அவன் முந்தின நாளே டீமோடு போய்விட்டான். அவன் அம்மா, சித்தப்பா, எங்கள் பையன்கள், நான் எல்லாரும் காலையில் கிளம்பினோம். திருப்புட்குழி தாண்டும்வரை வேனில் ஒரே பாட்டும் கூத்தும். தாமல் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ஒரு மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம்.

அவன் அம்மா விடியுமுன்னே எழுந்து, முன்னோருக்குப் படையல் போட்டு முடித்து, அதே சாப்பாட்டைப் பெரிய தூக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். புளிச்சோறு, வடை, பாயசம். வரிசையாக இலை போட்டுக் கையாலேயே அள்ளி வைத்துக்கொண்டு வந்தார். சாயம் தோய்ந்த பட்டு நூலைச் சுற்றிச் சுற்றி விரல் நுனிகளில் லேசாகச் சிவப்பு ஏறியிருக்கும் கை. என்னிடம் வந்ததும் குனிந்து சொன்னார்:

"உனக்கோசரம் வடைல கூட வெங்காயம் போடலப்பா. தைரியமா சாப்புடு."

எங்கள் வீட்டில் வெளி வீட்டுச் சோறு கிடையாது. சின்ன வயதிலிருந்து காதில் ஓதி ஓதி ஊறிய விஷயம். இத்தனைக்கும் நான் ஹாஸ்டலில் முட்டை வரைக்கும் வந்துவிட்டவன். யார் வீட்டு அடுப்போ, யார் கையோ, அதெல்லாம் அங்கே தோன்றியதில்லை. இங்கே அந்தக் கை என் இலைக்கு மேல் வந்தபோது என் கை தானாக இலையை மறைத்தது. அது பக்தி இல்லை, ஆசாரமும் இல்லை. அருவருப்புதான். வேறு பெயர் வைத்து இத்தனை வருடம் ஏமாற்றிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

"இன்னிக்கு ஏகாதசிம்மா. நான் ஒண்ணும் சாப்பிடக் கூடாது" என்றேன்.

அன்றைக்கு அமாவாசை என்பதால்தானே அத்தனை பேரும் வண்டியேறி வந்திருக்கிறார்கள்! ஏகாதசி போய் நாலு நாள் ஆகிவிட்டது. காலையில் கூடத்தில் எள்ளும் தண்ணீருமாகத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்த அப்பாவைத் தாண்டித்தான் நான் வெளியே வந்தேன். அமாவாசை விரதம் என்று சொல்லியிருந்தால்கூடப் பொய் தப்பித்திருக்கும். வாய் பழக்கத்தில் ஏகாதசி என்று சொல்லிவிட்டது. கோயில் வீட்டுப் பிள்ளைக்குத் திதி தெரியவில்லை.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாப்பா இது, அமாவாசைல ஏகாதசி வருது?"

"நீ சும்மா இருப்பா" என்று அவன் அம்மா அவரை அடக்கினார். "கோயிலு வூட்டுப் புள்ள. அவுங்க பஞ்சாங்கம் வேறயா இருக்கும்."

சொல்லிவிட்டு என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். முகம் மாறவே இல்லை. மாறியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஸ்டேடியம் என்றால் ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டு, அதற்கு மேல் தகரக் கூரை. மற்ற மூன்று பக்கமும் கம்பி வேலி. எண் எழுதிய தகடுகளை ஆணியில் மாட்டும் ஸ்கோர் போர்டு. படிக்கட்டில் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது. மகன் கையில் பந்து வரும்போதெல்லாம், "இப்ப இவன்தானப்பா?" என்று கேட்டுக்கொள்வார்.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் பசி காதை அடைத்தது. "தண்ணி குடிச்சிட்டு வரேம்மா" என்று எழுந்து, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்க வேலியோரம் போனேன். அங்கே ஒரு தள்ளுவண்டி. பிரெட் ஆம்லெட் சொன்னேன். கடைக்காரர் கையைப் பார்க்கவே தோன்றவில்லை, அது வேறு.

பின்னாலிருந்து ஒரே கூச்சல். விக்கெட்! திரும்பிப் பார்த்தால் என் நண்பனை எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய முதல் விக்கெட், நான் பார்க்கவில்லை. அந்த ஓவர் முடிந்ததும் அவன் எல்லைக்கோட்டில் நிற்க ஓடி வந்தான், நான் இருந்த பக்கமாகவே. முகமெல்லாம் பல். படிக்கட்டில் என்னைத் தேடிவிட்டு, அங்கே காணாமல், இந்தப் பக்கம் திரும்பினான். வேலிக்கு இந்தப் பக்கம், வாய் நிறைய ஆம்லெட்டோடு நான்.

அப்போது அவனுக்கு ஏகாதசிக் கதை தெரியாது. கையை ஆட்டிச் சிரித்தான். "பாத்தியாடா?"

நான் தலையாட்டினேன். ஒரு நாளில் இரண்டாவது பொய்.

திரும்பும்போது வேனில் யாரோ அவனிடம் காலைக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து நோட்டை வாங்கித் தன் விக்கெட் விழுந்த ஓவரைத் தேடினான். கட்டங்கள் காலியாக இருந்தன. மூடி என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மாவிடம் அவன் ஏதும் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு முதல் வேறு யாரோ ஸ்கோர் எழுதினார்கள்.

பத்து வருடம் கழித்து, வேலை, கல்யாணம் எல்லாம் ஆன பிறகு, ஒரு நாள் மத்தியானம் வேண்டுமென்றே பட்டினியாக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அம்மா மட்டும் இருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, ரொம்பப் பசிக்குது. இன்னிக்கு உங்க கையால சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

அவர் பதறிப்போனார். உள்ளே போய் ஒரு தட்டில் இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்து வைத்தார். பழத்தை உரிக்கவில்லை. தட்டின் விளிம்பை மட்டும் தொட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"அடுப்பே பத்த வைக்கலியேப்பா" என்றார், நிஜமான வருத்தத்தோடு. "இன்னிக்கு நெஜமாவே ஏகாதசி."