இப்போதைக்குப் பாதகம் இல்லை

டம்ளரை வாங்கியதும் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவார். கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு, சம்பந்தி வீடு, எந்த வீடானாலும் சரி. கண்ணை லேசாக மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பார். பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்து யோசிப்பார். தண்ணீர் கொடுத்தவளின் முகம் அதற்குள் கறுத்துப் போயிருக்கும். பாதி டம்ளரைக் குடித்து மீதியை அப்படியே கீழே வைத்துவிட்டு, "இப்போதைக்குப் பாதகம் இல்ல" என்பார். கோமு மதினி அடுத்தவர் வீட்டுத் தண்ணீருக்குத் தருகிற அதிகபட்ச நற்சான்று இதுதான். அதற்கு மேல் ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்க நெல்லையப்பரே நேரில் வந்தாலும் ஆகாது. வெளியிடத்தில் அவர் இரண்டாவது டம்ளர் கேட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பெரியப்பா மகன் சிவசண்முகம் அண்ணனின் மனைவி அவர். ஆகவே எனக்கு மதினி, கேலி செய்ய உரிமை உண்டு. பாளையங்கோட்டையில் அடுத்தடுத்த வீடு. அரசாங்கத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை. மாவட்டத்தில் எந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினாலும், எந்த வாய்க்காலில் மீன் செத்து மிதந்தாலும், பாட்டில் பெட்டியோடு ஜீப்பில் போய் இறங்குவது இவர்தான். வெளுத்துப்போன கைத்தறிச் சேலை, ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்பு, தோளில் ரெக்சின் பை, கையில் எவர்சில்வர் கூஜா. கூஜாவுக்குள் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கோயில் தீர்த்தத்தைக்கூட உள்ளங்கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாராம். "குருக்கள் என்னைய ஒரு பார்வை பாத்தாரு, எனக்கு மானம் போச்சு" என்று அண்ணன் இன்றைக்கும் புலம்புகிறார்.

தண்ணீரோடு நின்றால் பரவாயில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், சொஜ்ஜி பஜ்ஜியெல்லாம் முடிந்து, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று ஆவலாகக் கேட்டார்கள். மதினி யோசித்தார். "இப்போதைக்குப் பாதகம் இல்ல" என்றார். கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. மருமகளுக்கு அந்தப் புண் மட்டும் இன்னும் ஆறவில்லை.

"ஏன் மதினி, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா இருக்குன்னு இன்னைக்குச் சொல்லிருவேன் கொழுந்தனாரே. நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? இன்னைக்கு எடுத்த தண்ணிக்கு இன்னைக்குத்தான் பதில்."

வாய்க்கால் கரையில் அவரை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சேலையைச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கி, எடுக்கப்போகிற தண்ணீராலேயே பாட்டிலை அலசி அலசிக் கொட்டுவார். பிறகு நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பாட்டிலைச் சாய்த்துப் பிடிப்பார். அந்த நேரத்தில் அவருக்கு மேல்பக்கத்துத் தண்ணீரில் யாரும் நிற்கக்கூடாது. "மேல நிக்காதிய, கீழ வாங்க, கீழ வாங்க" என்று தாசில்தாரையும் எருமையையும் ஒரே குரலில்தான் விரட்டுவார். எருமை மறுபேச்சில்லாமல் வந்துவிடும்.

போன வருஷம் ஆனியில் சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு வேன் வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. அதற்குள் ஒரு மஞ்சள் பெட்டி. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த ஒட்டு உள்ளே சரியாக இருக்கிறதா என்று ஊடுருவிப் படம் எடுப்பார்களே, அதற்கான கதிர்வீச்சுப் பொருள் கனத்த கவசத்துக்குள் இருந்தது. அப்படிப்பட்ட பெட்டியை ரோட்டில் கொண்டுபோக அரசாங்க அனுமதி வேண்டும், வண்டியில் அடையாளம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் கூடவே வரவேண்டும். அந்த ஒப்பந்தக்காரரோ பெட்டியைச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே திணித்து, ஒரே ஒரு டிரைவரோடு அனுப்பிவிட்டார். சந்தைக்குப் போகிற தக்காளிக்கூடைக்கு இதைவிட மரியாதை உண்டு.

பம்பாயிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். கையுறையும் முகமூடியுமாக, டிக் டிக்கென்று சத்தமிடும் கருவியோடு வாய்க்காலில் இறங்கினார்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்ததில் பூட்டு உடையவில்லை, கவசமும் விரியவில்லை. ஒப்பந்தக்காரர் மேல் வழக்குப் போட்டுவிட்டுப் பெட்டியோடு போனார்கள். தண்ணீரைக் கண்காணிக்கிற பொறுப்பு கோமு மதினி தலையில் விழுந்தது.

மதினி முதல் காரியமாக மேலே மடையை அடைக்கச் சொன்னார். வேன் கிடந்த இடத்தில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, தார்ப்பாய் விரித்த குழியில் விட்டார்கள். சகதியை அள்ளி டிரம்களில் மூடினார்கள். வேன் விழுந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் எடுத்த தண்ணீர், சகதி எல்லாம் சோதனைக்கு வெளியூர் போயின. கார் பருவ நெல் சாகுபடிக்கு எல்லோரும் நாற்றுப் பாவியிருந்த சமயம் அது. வாய்க்கால் வறண்டது. நாற்று நுனியில் மஞ்சள் தட்டியது.

கரையில் டீக்கடை வைத்திருக்கும் அன்னத்தாய்க்கும் அவள் புருஷன் சொரிமுத்துவுக்கும் குத்தகை வயல் ஒன்று உண்டு. அந்த நாற்று போனால் அந்த வருஷத்துச் சோறு போச்சு. மதினி ஜீப்பை விட்டு இறங்கும்போதெல்லாம் அன்னத்தாய் கடையிலிருந்தே பிடிபிடியென்று பிடிப்பாள்: "நாத்து வெளுக்குது, நீங்க பாட்டிலக் கழுவிக்கிட்டுக் கெடக்கிய! உங்க வீட்டுச் சோத்துப் பானையா காயுது?"

மதினி அடுத்த பாட்டிலை எடுத்து அலசுவார். தண்ணீரின் முடிவு முதலில் வந்தது, பழுதில்லை. உடனே மடையைத் திறக்கச் சொல்லித் தாசில்தார் கெஞ்சினார். "தண்ணி ஓடிப்போயிரும் சார். சகதிதான் உக்காந்து கெடுக்கும். அதோட முடிவும் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். ஊரே வைதது. வீட்டில் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அண்ணன் சொன்னார்.

சகதியின் முடிவும் வந்தது. பழுதில்லை. மடை திறந்தது, தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு ஆள் கால் நனைக்கவில்லை. எருமைகளைக்கூடக் கட்டிப்போட்டிருந்தார்கள். கையுறை போட்டவனே பயந்து பயந்து தொட்ட தண்ணீரை நாம் வயலுக்குள் விடுவதா என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து ஒருவர் மதினியிடம், "சுத்தந்தானம்மா?" என்று கேட்டிருக்கிறார். மதினி வழக்கம்போல, "இப்போதைக்குப் பாதகம் இல்ல" என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டார்.

கெட்டது குடி. "இப்போதைக்குன்னா? அப்பொறம் என்ன ஆகும்?" என்று பற்றிக்கொண்டது. ஜீப் பாளையங்கோட்டை வந்து சேருமுன் அந்த ஒற்றைச் சொல் பத்தமடை தாண்டிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஊர் கூடிவிட்டது என்று தகவல் வந்து மதினி கிளம்பினார். பத்திரிகைக்காரன் என்ற சாக்கில் நானும் தொற்றிக்கொண்டேன். கரையில் நல்ல கூட்டம். படித்துறைக் கல்லில் வெற்றிலை வைத்து, வெற்றிலை மேல் சூடம் வைத்திருந்தார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆடு களவு போனதிலிருந்து வரப்புத் தகராறு வரைக்கும் அதுதான் கடைசிக் கோர்ட்டு. பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் விளங்காது.

சொரிமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "உங்க சோதனைப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ, எங்களுக்குத் தெரியாதும்மா. தண்ணியில ஒண்ணுமே இல்லன்னு சொல்லி இந்தச் சூடத்த அணைங்க. நான் இப்பவே போயி வயலுக்கு வாமடைய வெட்டித் தண்ணி விடுதேன்."

யாரோ சூடத்தைக் கொளுத்தினார்கள். தாசில்தார் மதினியின் காதருகே குனிந்தார். "அணைச்சிருங்கம்மா, சோலி முடிஞ்சுது."

மதினி கையைக் கட்டிக்கொண்டார். "ஒண்ணுமே இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? நீங்க சொல்லுத அந்தக் கதிர்வீச்சு இந்தக் கல்லுலயும் துளி இருக்கு, மண்ணுலயும் இருக்கு, பொதிகை மலையிலயும் இருக்கு. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல இருந்தே இருக்கு. வேன் விழுந்ததுக்கு மேல எடுத்த தண்ணியும் கீழ எடுத்த தண்ணியும் ஒண்ணு போல இருக்கு. பெட்டி எதையும் கக்கல. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சேத்து அணைச்சா அது பொய்ச் சத்தியம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அங்கே நாற்று கருகுகிறது, ஜனம் தவிக்கிறது, இந்த அம்மாள் துளிக்கணக்குப் பார்க்கிறாரே! "மதினி, புண்ணியமாப் போகும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைக்குள்ளிருந்து அன்னத்தாய் வந்தாள். "சத்தியம் கித்தியம் எல்லாம் கெடக்கட்டும். இந்தத் தண்ணிய நீங்க குடிப்பியளா, சொல்லுங்க."

மதினி யோசித்தார்.

"குடிக்க மாட்டேன்."

தாசில்தார் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. மதினி குரலை உயர்த்தாமல் முடித்தார். "காய்ச்சாமக் குடிக்க மாட்டேன். பெட்டிக்காக இல்ல. நீங்க எருமையக் குளுப்பாட்டுதியள்லா, அதுக்காக."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்னத்தாய் சிரிக்கவில்லை. மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் காய்ச்சித் தாரேன்" என்றாள்.

கடைக்குள் போய் ஒரு குடத்தோடு வந்து, யாரும் இறங்காத படிகளில் விறுவிறுவென்று இறங்கினாள். "ஏட்டி, நில்லுட்டி!" என்று சொரிமுத்து கத்தினான். அவள் கடைசிப் படியில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். குடத்தை முக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

டீ அடுப்பில் பாத்திரம் ஏறியது. அத்தனை பேரும் கடையைச் சுற்றி நின்று தண்ணீர் கொதிப்பதையே பார்த்தோம். படித்துறையில் சூடம் தானாக எரிந்து தீர்ந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. மதினி பெஞ்சில் உட்கார்ந்து கூஜாவைப் பக்கத்தில் வைத்திருந்தார். கொதித்த தண்ணீரை வடிகட்டி, டீ ஆற்றுகிற மாதிரியே இரண்டு கை உயரத்துக்கு ஆற்றி, ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி நீட்டினாள் அன்னத்தாய்.

வாங்கியவர் நேராக மூக்குக்குக் கொண்டுபோனார்.

ஐயோ, பாழாய்ப்போன மூக்கே, இன்றைக்கு ஒருநாள் சும்மா இருக்கக்கூடாதா! இன்றைக்கு இவர் முகர்ந்து பார்த்தால் ஊர் அதைச் சந்தேகம் என்றுதானே எடுத்துக்கொள்ளும்? மதினி கண்ணை லேசாக மூடினார். நிதானமாக முகர்ந்தார். ஒரு வாய் எடுத்தார், நாக்கில் வைத்து யோசித்தார். தாசில்தார் வானத்தைப் பார்த்தார். மண்வெட்டிக் காம்பைப் பிடித்திருந்த சொரிமுத்துவின் விரல்கள் இறுகின.

பாதி கிளாஸ் காலியாயிற்று. வழக்கமாகக் கீழே வைக்கிற இடம் அது. வைக்கவில்லை. மீதியையும் மடக் மடக்கென்று குடித்து முடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார். பிறகு காலிக் கிளாஸை, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, அன்னத்தாய் பக்கம் நீட்டினார்.